கரிசலுக்கு என்ன நிறம்?

பல வருடங்களாகக் கறுப்பு மையில் மட்டுமே வரைந்துகொண்டிருந்த நான், கொஞ்ச காலமாக நீர்வண்ணத்துக்கு வந்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கோட்டோவியம் நல்லாத்தானே வந்துக்கிட்டு இருந்துச்சு, இப்ப எதுக்கு வாட்டர்கலர்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. சுருக்கமான பதில் இதுதான்: கோவில்பட்டியைச் சுற்றிக் கிடக்கும் இந்த மானாவாரிக் காட்டை மையால் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவும் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது முழுக்க நிறம்.

நீளமான பதிலுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முதலில் மைக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன். கோடு போடுகிறவனுக்கு வஞ்சனை வைக்காத பூமி இது. உடைமரத்து முள், பனங்கருக்கு, வேலிக்கருவையின் கோணல்மாணலான கிளை, கோடையில் கால் உள்ளே போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும் நிலம், களத்தோரம் அடுக்கிவைத்த பருத்திமார். எதைப் பார்த்தாலும் கோடுதான். வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் வெளிச்சம் பட்ட இடம் வெள்ளை, நிழல் விழுந்த இடம் கறுப்பு. நடுவில் பேச்சுக்கே இடமில்லை. கழுகுமலைக்குப் போய் வெட்டுவான் கோயிலுக்கு முன்னால் உட்கார்ந்தால் அதையே இன்னொரு விதமாகப் பார்க்கலாம். 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே வந்து, முடிக்காமல் விட்ட கோயில் அது. உளிபட்ட பள்ளம் ஒவ்வொன்றிலும் நிழல் கட்டியாக உட்கார்ந்திருக்கும். நிப்பைத் தொட்டு அந்தப் பள்ளங்களில் மட்டும் கறுப்பை வைத்துக்கொண்டு போனால் சிற்பம் தானாக எழுந்து வந்துவிடும்.

கரிசலை எழுத்தில் நாடறியச் செய்தவர் இடைசெவல் கி. ராஜநாராயணன். அவருடைய 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது படம் போட்டவர் கே.எம். ஆதிமூலம். திருச்சி பக்கம் கீராம்பூரில் 1938இல் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் மையில் வரைந்த காந்தி வரிசைதான் அவரைப் பற்றிப் பெரிதாகப் பேசவைத்தது. கி.ரா.வின் சம்சாரிகளுக்கு அந்தக் கை கொடுத்த உருவம் இன்றும் மனசில் நிற்கிறது. துண்டும் மீசையும் சுருக்கம் விழுந்த கழுத்துமாக, பேனா கீறிக்கொண்டு போன வேகத்திலேயே ஆள் வந்து நிற்பார். எங்கள் தலைமுறையில் பேனாவைப் பிடித்து வரைய ஆரம்பித்தவர்கள் அதைப் பார்க்காமல் வளர்ந்திருக்க முடியாது. நான் அந்தப் படங்களைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைத்து, தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, எந்தக் கோடு முதலில் விழுந்திருக்கும் என்று யோசித்தவன்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கரிசல் இலக்கியத்துக்குக் கிடைத்த படங்கள் கறுப்பு வெள்ளையாக அமைந்ததற்குக் காரணம் அச்சுக்கூடம், மண் காரணமில்லை. கறுப்புக் கோட்டை அப்படியே பிளாக் எடுத்துவிடலாம். சாம்பல் தொனி வேண்டுமென்றால் ஹாஃப்டோன் புள்ளியாக உடைக்க வேண்டும். மட்டமான தாளில் அந்தப் புள்ளிகள் மை குடித்து அப்பிக்கொள்ளும். வண்ணமென்றால் மஞ்சள், மெஜந்தா, சியான், கறுப்பு என்று நான்கு பிளேட், நான்கு தடவை அச்சு. சிறுபத்திரிகைக்காரர்களிடம் அதற்குக் காசு ஏது? அதனால் தமிழில் நவீன இலக்கியமும் கோட்டோவியமும் ஒன்றாகவே வளர்ந்தன. அது நமக்குக் கிடைத்த பெரிய கொடை. கூடவே ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது: கரிசல் என்றதும் கண்ணை மூடினால் கறுப்பு வெள்ளைதான் தெரிகிறது.

இத்தனைக்கும் இதே கோவில்பட்டி இந்தியா முழுவதற்கும் வண்ணத்தை அனுப்பிவைத்த ஊர்.

சி. கொண்டையராஜுவைப் பற்றி இந்த ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. பெயர் தெரியாவிட்டாலும் அவர் படம் தெரிந்திருக்கும். உங்கள் பாட்டி வீட்டுப் பூஜை அறையில் இருந்திருக்கும். 1898இல் சென்னையில் பிறந்து அங்கேயே ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைபவராக ஊர் ஊராகச் சுற்றினார். 1940களில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்துபோக, சீடர்களோடு இங்கேயே தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம், செண்பகராமன், மீனாட்சிசுந்தரம் என்று அவர் கையில் தயாரானவர்கள் ஒரு பெரும் வரிசை. 1976இல் அவர் காலமான பிறகும் அந்த வரிசை தொடர்ந்தது. சாத்தூரைத் தாண்டினால் சிவகாசி. அங்குள்ள அச்சகங்கள் இவர்களுடைய முருகனையும் லட்சுமியையும் மீனாட்சி கல்யாணத்தையும் லட்சக்கணக்கில் அடித்து நாடெங்கும் காலண்டராக அனுப்பின.

காலண்டர் ஓவியங்களின் மூலப்படங்கள் பெரும்பாலும் நீரில் கரையும் வண்ணத்தில் செய்யப்பட்டவை என்பது நான் இந்தப் பக்கம் வந்த பிறகு என் மனதை மிகவும் ஈர்த்த விஷயம். ஆனால் அது ஒளி புகாத வகை. கீழே இருப்பதை மூடிவிடும். கறுப்பின் மேல் மஞ்சளை வைத்தாலும் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். அதனால்தான் கிரீடத்தின் கல் ஒவ்வொன்றையும் கடைசியில் வெள்ளைப் பொட்டு வைத்து மின்ன வைக்க முடிந்தது. சீன் வரைந்து பழகிய கை என்பதால் பின்னணியும் ஜோராக இருக்கும்: மலை, மேகம், தாமரைத் தடாகம், தூண் மண்டபம். கைலாயத்தையும் பாற்கடலையும் கேட்டு வாங்கினார்கள். கரிசல் காட்டைச் சுவரில் மாட்டுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. ஸ்டுடியோ ஜன்னலைத் திறந்தால் தெரிந்த நிலம் படத்துக்குள் வருவதற்கு வேலையே இல்லாமல் போயிற்று.

ஆக, இந்த மண்ணின் மனிதர்களுக்குக் கறுப்பு மை கிடைத்தது. இந்த ஊர் வரைந்த தெய்வங்களுக்கு வண்ணம் கிடைத்தது. நிலத்தின் நிறம் இரண்டிலும் சேராமல் நின்றுவிட்டது. நான் வரைய ஆசைப்படுவது அதைத்தான்.

நீர்வண்ணத்தில் நிலக்காட்சி என்றாலே நம் மனதில் ஈரமான ஊர்கள்தான் வரும். அந்தக் கலை பெரிதாக வளர்ந்த இங்கிலாந்தே மழையும் மூடுபனியுமான நாடு. அந்நாட்டு ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவர் உறவினரான வில்லியம் டேனியலும் 1792இல் தெற்கே பயணம் வந்தபோது, நம் திருநெல்வேலிச் சீமையில் பாபநாசம் அருவியையும் குற்றாலத்தையும் வரைந்து அச்சிட்டார்கள். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் இளமையில் தீட்டிய அருமையான நீர்வண்ணப் படங்கள் கேரளத்துக் கால்வாயும் தென்னையும்தான். தண்ணீர் இருக்கும் இடத்துக்கே தண்ணீர் வண்ணமும் போயிருக்கிறது. வறண்ட காட்டுக்கு அது ஒத்துவருமா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. செய்து பார்த்தபின் சொல்கிறேன்: கரிசலுக்கு இதைவிடப் பொருத்தமான ஊடகம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. காரணம் இந்த மண்ணின் குணம்.

கரிசல் களிமண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற வகைக் களி அதிகம். ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். செம்மண் காட்டில் மழைக்கும் வெயிலுக்கும் நிறம் கொஞ்சம்தான் மாறும். கரிசலில் அது நாளுக்கு நாள், சில சமயம் மணிக்கு மணி மாறிக்கொண்டிருக்கும். சித்திரையில் போய்ப் பாருங்கள், மேல்மண் பழுப்பும் சாம்பலும் கலந்து வெளுத்துக் கிடக்கும். வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தால்தான் கறுப்பு. ஐப்பசியில் மழை விழுந்த மறுநாள் அதே காடு நீலம் பாய்ந்த கறுப்பு. இரண்டு நாள் வெயில் அடித்தால் கட்டியின் முதுகு மட்டும் வெளுத்து, இடுக்கில் ஈரம் நிற்கும். சாய்வெயிலில் லேசாக ஊதா ஓடும். நடுநடுவே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல். ஓடைக்கரையில் செவல் வந்து கலக்கும் இடத்தில் இரண்டு மண்ணும் சேர்ந்து கொடுக்கும் நிறத்துக்கு எந்த டியூபிலும் பெயர் இல்லை. மையில் இவ்வளவுக்கும் நான் வைத்திருந்தது ஒரே ஒரு கறுப்பு. புள்ளி வைத்தும் குறுக்குக்கோடு போட்டும் அதை எத்தனை சாம்பலாக வேண்டுமானாலும் பிரிக்கலாம்; வெப்பமான சாம்பலுக்கும் குளிர்ந்த சாம்பலுக்கும் உள்ள வித்தியாசத்தை அதனால் சொல்ல முடியாது. கரிசலின் சங்கதி முழுக்க அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

டியூபில் வரும் கறுப்பை நான் பெட்டியில் வைப்பதே இல்லை. பேய்ன்ஸ் கிரேயும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நல்ல நிறம்தான், ஆனால் எல்லாவற்றையும் ஒரே மேகமூட்டத்துக்குள் தள்ளிவிடும். பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரின் நீலமும், இந்த இரண்டு போதும். சியன்னா கூடினால் வெயில் காய்ந்த மண். நீலம் கூடினால் மழை குடித்த மண். சரிபாதியில் கெட்டியாக வைத்தால் கறுப்புக்கு மிக அருகில் வந்துவிடும். தட்டில் கலந்து எடுத்துப் பூசுவதைவிடத் தாளிலேயே கலக்கவிடுவது நல்லது. தாளை நனைத்து, முதலில் சியன்னாவைப் பரப்பி, அது மினுங்கிக்கொண்டிருக்கும்போதே நீலத்தை அங்கங்கே தொட்டுவிட வேண்டும். பலகையை லேசாகச் சாய்த்தால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நகரும். அல்ட்ராமரின் துகள் திரண்டு சேரும் குணமுள்ளது. தண்ணீர் வற்றும்போது தாளின் பள்ளங்களில் போய்ப் படியும். காய்ந்தபின் கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால் பழுப்புக்குள் நீலப் பொடி தூவினாற்போலத் தெரியும். உழுத கரிசலின் மேற்பரப்பு அச்சு அசலாக அப்படித்தான். நான் ஒரு மண்கட்டியையும் வரையவில்லை; தண்ணீர் வரைந்துவிட்டுப் போயிருக்கிறது.

இங்கேதான் மைக்காரன் கைக்குப் பெரிய சோதனை. கை சும்மா இருக்காது. காய்ந்ததும் ஒரு பேனாவை எடுத்து வெடிப்பையெல்லாம் கோடாகப் போட்டுவிடலாமே என்று துடிக்கும். போட்டால் படம் உடனே பழைய இடத்துக்குப் போய்விடும். கோட்டோவியத்துக்குள் வண்ணம் நிரப்புவது ஒரு தனி முறை. அதற்கும் நெடிய சரித்திரம் உண்டு. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் முதலில் அப்படித்தான் செய்தார்கள். பேனாக் கோடு, அதன்மேல் சாம்பல் பூச்சு, கடைசியாக மெல்லிய சாயம். டர்னரும் கிர்ட்டினும் வந்து கோட்டையும் சாம்பலையும் தாண்டி நேரே வண்ணத்திலேயே ஒளியைக் கட்டிய பிறகுதான் நீர்வண்ணம் தன் சொந்தக் காலில் நின்றது. நம் ஊர் போட்டோ ஸ்டுடியோக்களிலும் ஒரு காலத்தில் கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் கையால் வண்ணம் ஏற்றினார்கள்: கன்னத்துக்குக் கொஞ்சம் ரோஸ், சேலைக்குப் பச்சை, நகைக்கு மஞ்சள். அந்த வேலையின் நுட்பத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதில் உருவத்தைச் சொல்வது கறுப்புதான், வண்ணம் அலங்காரம்.

ஆதிமூலத்திடம் நான் கற்றுக்கொண்ட இன்னொரு பாடம் இங்கே வருகிறது. அவரும் வண்ணத்துக்குப் போனவர். 1970களில் தைலவண்ணத்தில் அவர் செய்யத் தொடங்கிய கித்தான்களைப் பாருங்கள். அந்தப் புகழ்பெற்ற கோடு அங்கே கிடையாது. உருவமே கிடையாது. நிறப் பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படர்ந்து நிலமும் வெளிச்சமுமாக நிற்கின்றன. பத்திரிகைக்கும் புத்தகத்துக்கும் மையில் வரைவதை அவர் கடைசிவரை விடவில்லை. 2008இல் மறையும்வரை இரண்டும் தனித்தனி வாய்க்காலாக ஓடின. தன் கோட்டை அழைத்துப்போய் வண்ணத்துக்குக் காவல் நிறுத்தவில்லை. அந்தத் துணிச்சல்தான் எனக்கு வேண்டியிருந்தது.

கயத்தாறு போகும் வழியில் ஒரு காட்டோரம் வேலை செய்துகொண்டிருந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். காட்டுக்காரர் மம்பட்டியோடு வந்து பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இது எந்தக் காடு தம்பி?"

"இந்தா நிக்கமே, இதேதான் அண்ணாச்சி."

"நம்ம காடா? இது கோடை உழவுல்லா. முந்தாநா பெஞ்ச மழை இன்னும் உள்ள நிக்கி. மேலாக வெளுத்திருக்கும், அடியில பாருங்க."

சொல்லிவிட்டுக் குதிகாலால் ஒரு கட்டியைப் புரட்டிப் போட்டார். அடிப்பக்கம் அட்டக்கறுப்பு, அதில் நீர் மினுங்கியது. புரட்டின பள்ளத்திலும் அதே கறுப்பு. தாள் இன்னும் முழுசாகக் காயவில்லை. நீலம் கூடிய கெட்டிக் கலவையைத் தூரிகை நுனியில் எடுத்து, கட்டிகளின் அடிவயிற்றில் மட்டும் தொட்டேன். ஈரத்தில் அது கீழே கொஞ்சம் கசிந்து மங்கியது. "ஆங்... இப்பச் சரி. இப்ப வெதைக்கலாம்" என்றார்.

எந்தக் கலை விமர்சகரும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்க மாட்டார். மண்ணின் நிறத்தைப் பார்த்து ஈரம் எத்தனை விரற்கடை நிற்கிறது, ஏர் பூட்டலாமா, விதை போடலாமா என்று முடிவெடுக்கிற கண் அது. நான் கற்றுக்கொள்ள முயல்கிற விஷயம் அவருக்குப் பிழைப்பு.

இனி வேலைப்பாடு பற்றிக் கொஞ்சம், ஏனென்றால் நம் பக்கத்து வெயிலுக்கும் காற்றுக்கும் எந்தப் புத்தகமும் வழி சொல்வதில்லை. நீர்வண்ணப் பாடங்கள் எல்லாம் "தாள் காயும்வரை காத்திருங்கள்" என்று சொல்லும். இங்கே நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அதுதான் பாடாய்ப் படுத்தும். பங்குனி, சித்திரையில் ஒரு பூச்சை மேலிருந்து கீழே கொண்டுவருவதற்குள் மேல்பாதி காய்ந்து விளிம்பு கட்டிவிடும். ஆடிக்காற்றில் கேட்கவே வேண்டாம். கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று, ஒரு தாளையா விட்டுவைக்கும்? எனக்குக் கைகொடுத்த வழி, தாளின் இரண்டு பக்கமும் தாராளமாக நனைத்து அக்ரிலிக் தகட்டின் மேல் படியவைப்பது. அடியில் ஈரம் அடைபட்டுக் கிடப்பதால் மேற்புறம் நெடுநேரம் இளகியே இருக்கும். தண்ணீரில் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டாலும் காய்வது தாமதப்படும். விடிந்ததும் போய் வெயில் ஏறுவதற்குள் பெரிய பூச்சுகளை முடித்துவிட வேண்டும். கார்த்திகை, மார்கழியில் நிலைமை தலைகீழ். பனிக்காற்றில் தாள் காயவே காயாது. அப்போது வானத்தை வரையலாம்.

தண்ணீரும் முக்கியம். கிணற்றுத் தண்ணீர் நிறைய இடங்களில் உவர். அதில் கலந்தால் வண்ணம் திப்பி திப்பியாகப் பிரியும், காய்ந்தபின் வெள்ளை பூத்துக்கொள்ளும். குடிக்கிற தண்ணீரையே கொண்டுபோகிறேன். தாமிரபரணியிலிருந்து குழாயில் வந்து சேர்கிற தண்ணீர். இந்த ஊர்ப் பெண்கள் குடத்தோடு எவ்வளவு காத்திருந்து பிடித்த தண்ணீர் என்பது தெரியும். அதனால் இரண்டே டம்ளர். ஒன்று கழுவ, ஒன்று கலக்க. அதற்குள் படம் முடிய வேண்டும். இந்தக் கட்டுப்பாடே நிறங்களைக் குறைக்கச் சொல்லிக்கொடுத்தது.

பொருள்களைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தபோது எனக்கு நிஜமாகவே மெய்சிலிர்த்தது. நல்ல நீர்வண்ணத் தாள் முழுக்கப் பருத்தியில் செய்யப்படுவது. மரக்கூழ்த் தாள் இத்தனை ஈரத்தைத் தாங்காது, மேல்தோல் உரிந்துவிடும். பருத்தி இழை தண்ணீரை உள்ளே வாங்கி, வண்ணத்தை மேலேயே நிறுத்திவைக்கும். பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959இலிருந்து கையால் செய்கிற தாளும் பருத்தித் துணிக் கழிவில் பிறப்பதுதான். கருங்கண்ணிப் பருத்தி விளைந்த மண் இது. 1901இலேயே கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வைத்து பருத்தி ரகம் ரகமாக ஆராய்ந்த மண். அந்தப் பருத்தியின் இனத்துத் தாளில்தான் அந்த மண்ணைத் தீட்டுகிறேன்.

வண்ணத் துகளைத் தாளில் பிடித்துவைக்கும் பசை, சூடான் போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் வளரும் ஒரு வேலமரத்தின் பிசின். நம் ஓடைக்கரைக் கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். சின்ன வயதில் கருவேலம் பிசினை ஊறவைத்து நோட்டுக்கு அட்டை ஒட்டியவர்களுக்கு அந்தப் பிசுபிசுப்பு விரலிலேயே நினைவிருக்கும். பர்ன்ட் சியன்னா, ஓக்கர், அம்பர் எல்லாமே அசலில் மண். இரும்பு கலந்த மண்ணைத் தோண்டி, வேண்டியதை மட்டும் சுட்டு, அரைத்தது. அல்ட்ராமரின் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லைப் பொடித்துச் செய்த தங்க விலை நிறம். 1820களில் பிரான்சில் செயற்கையாகச் செய்ய வழி கண்டுபிடித்த பிறகு விலை சரிந்தது. எவ்வளவு சரிந்தது என்றால், வேட்டி வெளுக்க நம் வீடுகளில் வாங்கிவைத்த ராபின் புளூ பொடி அதே அல்ட்ராமரின்தான். கேமல் டியூப் செய்கிற கேம்லின் கம்பெனியும் 1931இல் மை தயாரிப்பில்தான் தொழிலைத் தொடங்கியது. மையிலிருந்து வண்ணத்துக்குப் போவது அவ்வளவு தூரப் பயணம் இல்லை போலிருக்கிறது.

உண்மையிலும் அப்படித்தான். மையில் உழைத்தவன் நீர்வண்ணத்துக்கு வரும்போது கையை வீசிக்கொண்டு வருவதில்லை. எது இருட்டு, எது அதைவிட இருட்டு என்று தரம் பிரிக்கும் கண் அவனிடம் ஏற்கனவே இருக்கிறது. வண்ணத்தில் நேரடியாக ஆரம்பிக்கிறவர்கள் வருடக்கணக்கில் தடுமாறுவது அங்கேதான். வெள்ளையை விட்டுவைக்கவும் அவனுக்குத் தெரியும். ஒளிபுகும் நீர்வண்ணத்தில் வெள்ளை வண்ணமே கிடையாது, தாள்தான் வெள்ளை. சுக்கான் கல் ஒவ்வொன்றையும் வெறுமனே விட்டுவிட்டு மண்ணைச் சுற்றிப் பூச வேண்டும். மையிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். மாறுவது வரிசை மட்டும்: மையில் அழுத்தமான கறுப்பை முதலிலேயே வைத்துவிடலாம், இங்கே வெளிறியதில் ஆரம்பித்து, இருட்டைக் கடைசிக்கு வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, தண்ணீருக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். எனக்கு இது இன்னும் கைவந்தபாடில்லை. நாள்பட நாள்படத்தான் வரும்.

ஆரம்பிக்க நினைக்கிறவர்களுக்கு: பன்னிரண்டு கலர் பெட்டி வேண்டாம். பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின், யெல்லோ ஓக்கர், பயிர்ப் பச்சைக்காக ஒரு எலுமிச்சை மஞ்சள். நுனி கூடி நிற்கிற வட்டத் தூரிகை, 10ஆம் நம்பர், ஒன்று. காசை மிச்சம் பிடிப்பதானால் வண்ணத்தில் பிடியுங்கள், தாளில் பிடிக்காதீர்கள்; 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளைக் கால் கால் துண்டாக வெட்டிக்கொண்டால் செலவு தாங்கும். மையும் சேர்த்துப் பயன்படுத்த ஆசையென்றால் வாட்டர்புரூஃப் டிராயிங் இங்க்கை மட்டும் தொடுங்கள்; எழுதுகிற பேனா மை, தூரிகை பட்டதும் கரைந்து ஊரெல்லாம் ஓடும்.

கடைசியாக, நம் பக்கத்துப் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர்களிடம் ஒரு வேண்டுகோள். "இயற்கைக் காட்சி வரை" என்றால் எட்டயபுரத்துப் பிள்ளையும் விளாத்திகுளத்துப் பிள்ளையும் இரண்டு மலை போட்டு, நடுவில் சூரியன் வைத்து, ஆறு ஒன்றை ஓடவிட்டு, கரையில் தென்னைமரமும் வைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் நடந்து வருகிற வழியில் எப்போதும் தண்ணீர் ஓடும் ஆறும் இல்லை, கரையில் தென்னையும் இல்லை. பச்சைப் பசேலென்று உளுந்தும் பாசியும், பூத்த கொத்தமல்லியும், வெடித்த பருத்தியும், விதைப்புக்குக் காத்திருக்கும் மண்ணும் இருக்கின்றன. இந்த ஐப்பசியில் மழை வெறித்த ஒரு நாள் அவர்களைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்கு அழைத்துப் போங்கள் சார். கறுப்பு கிரேயானை வாங்கி வைத்துக்கொண்டு, இந்த மண்ணுக்கு என்ன நிறம் என்று கேளுங்கள்.